நாலாவது வார்த்தை

நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டால், முந்தின நாள் மாலை மயக்க மருந்து டாக்டர் நோயாளியின் படுக்கையருகே வருவார். பல் கட்டியிருக்கிறதா, ஆஸ்துமா உண்டா, இதற்கு முன் எப்போதாவது மயக்கம் கொடுத்திருக்கிறார்களா என்று விசாரிப்பார். அவர் கேட்டு முடித்ததும் நோயாளி கேட்பவை பெரும்பாலும் மூன்று கேள்விகள்: வலிக்குமா, நடுவில் விழித்துக்கொள்வேனா, நினைவு திரும்பிவிடுமா. முதல் இரண்டுக்கும் மருத்துவத்தில் நேரான பதில் இருக்கிறது. மூன்றாவதற்கு மருத்துவம் பாதிப் பதில்தான் சொல்லும். மீதி சமயத்தைச் சேர்ந்தது. பக்தியுள்ளவர்களின் மனத்தில் வாய்விட்டுக் கேட்காத நாலாவது கேள்வி ஒன்றும் உண்டு. நினைவில்லாமல் கிடக்கும் அந்தச் சில மணி நேரத்தில் உயிர் போய்விட்டால், பகவான் பெயர் நாவில் இல்லாமலே போய்விடுவேனே, அது என்ன கதி? சாகும் தறுவாயில் இருப்பவரின் வாயில் பால் ஊற்றுவதும், காதருகே நாராயண நாமம் சொல்வதும், சிவபுராணம் படிப்பதும் நம் வீடுகளில் வழிவழியாக வந்த வழக்கம். கடைசி நினைவு நல்லதாக அமைய வேண்டும் என்பதுதான் அதன் உள்நோக்கம். மருந்தினால் நினைவை விலக்கிவிட்டு உறுப்புகளைக் காக்கும் மருத்துவம், அந்தக் கடைசி வாய்ப்பைப் பறித்துவிடுகிறதா? பறிக்கவில்லை என்பதே என் பதில். அந்தப் பதிலை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காஞ்சியிலிருந்து கொண்டுவந்து சொன்னவர் பூந்தமல்லிக்காரர் ஒருவர்.

அவரிடம் போவதற்கு முன், மேஜைமேல் நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு மனித இதயத்தில் முதல் வெற்றிகரமான ஆபரேஷனை ஜான் கிப்பன் பிலடெல்பியாவில் செய்தது 1953 மே மாதத்தில். இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷன் 1975-இல் நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நடந்தது. செய்தவர் டாக்டர் கே.எம்.செரியன். பிறகு அவர் பெயரோடு சேர்ந்தே முகப்பேர் இதய சிகிச்சைக்குப் பேர்பெற்ற இடமானது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவரும் ஆவடி தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவரும் இன்று இந்தச் சிகிச்சைக்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. இயந்திரத்தை வைத்துச் செய்யும்போது மகாதமனியைக் கவ்வியால் அடைத்து, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி இதயத்தை நிறுத்துகிறார்கள். ரத்தம் பிளாஸ்டிக் குழாய்கள் வழியே வெளியே போய், பிராணவாயு ஏற்றிக்கொண்டு உடலுக்குத் திரும்புகிறது. இதில் உடலுக்கு இரண்டு அடி விழுகிறது. ரத்தம் அன்னியப் பொருளின்மேல் ஓடுவதால் உடல் முழுக்க அழற்சி கிளம்புவது ஒன்று. ரத்தமில்லாமல் காய்ந்திருந்த திசுவுக்கு ரத்தம் திரும்பப் பாயும்போது, அந்தப் பாய்ச்சலே திசுவைக் காயப்படுத்துவது மற்றொன்று. இதயத்துக்காகச் செய்த ஆபரேஷனில் சிறுநீரகம் அடிபடுவதும், மூளை தடுமாறுவதும் இதனால்தான்.

இவற்றோடு மூன்றாவது அடி ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. அதை நம் உடலே நமக்குக் கொடுக்கிறது. கத்தி பட்டவுடன் உடல் ஆபத்து என்று கூவுகிறது. அட்ரினலினும் நார்அட்ரினலினும் பெருகுகின்றன, இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. புலியைக் கண்டு ஓடுவதற்குப் பொருத்தமான இந்த ஏற்பாடு, ஆபரேஷன் மேஜையில் படுத்திருப்பவருக்குக் கெடுதலாகிறது. டெக்ஸ்மெடிடோமிடின் என்ற உறக்க மருந்து கைவைப்பது இந்த இடத்தில்தான். மூளைத் தண்டில் நீல நிறச் சாயல் கொண்ட மிகச் சிறிய நரம்பு முடிச்சு ஒன்று இருக்கிறது. உடலை உஷார் நிலையில் வைத்திருக்கும் காவல் சாவடி அது. மருந்து அங்கே போய் நார்அட்ரினலின் சுரப்பை அடக்குகிறது. ஆபரேஷனின்போது மற்ற மயக்க மருந்துகளுக்குத் துணையாகவும், பிறகு ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரோடு இருக்கும்போது தனியாகவும் இதைக் கொடுக்கிறார்கள். 200 மைக்ரோகிராம் மருந்தை 50 மில்லி உப்பு நீரில் கலந்து சிரிஞ்ச் பம்பில் ஏற்றினால், 60 கிலோ எடையுள்ளவருக்கு நடுத்தர அளவில் மணிக்கு ஏழரை மில்லி போகும். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை டீஸ்பூன். அந்த ஒன்றரை டீஸ்பூனில் வரும் உறக்கம் இயல்பான தூக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. மூச்சைப் பெரிதாக அடக்குவதில்லை. நர்ஸ் தோளைத் தொட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நோயாளி கண் திறப்பார், கையைப் பிடி என்றால் பிடிப்பார், விட்டுவிட்டால் மறுபடி உறங்கிப்போவார்.

இந்த மருந்தைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1999-இல் ஐ.சி.யூ. பயன்பாட்டுக்கு அனுமதி பெற்ற மருந்து இது. இதய ஆபரேஷனுக்குப் பின் சிறுநீரகம் அடிபடுவதை இது குறைக்கிறது என்று பல சிறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இதயம் அல்லாத மற்ற ஆபரேஷன்களுக்குப் பின் முதியவர்களுக்கு இதைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016-இல் லான்செட் இதழில் வந்தது. அதில் புத்தித் தடுமாற்றம் 23 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது. அதே இதழில் 2020-இல் வெளிவந்த ஆய்வு, ஏறக்குறைய 800 இதய நோயாளிகளைக் கொண்டது. அது அந்த நம்பிக்கைக்குக் கடிவாளம் போட்டது. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவது மருந்து பெற்றவர்களில் 30 சதவீதம், பெறாதவர்களில் 34. புத்தித் தடுமாற்றம் மருந்து பெற்றவர்களில் 17 சதவீதம், பெறாதவர்களில் 12. மருந்தால் நன்மை என்று உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் எதிலும் கிடைக்கவில்லை. நாடித் துடிப்பு குறைவதும் ரத்த அழுத்தம் இறங்குவதும் இதன் தெரிந்த பக்கவிளைவுகள். ஆகவே இது சஞ்சீவி அல்ல. யாருக்கு, எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று அறிந்து கொடுக்க வேண்டிய பயனுள்ள கருவி. என் வாதம் இந்த மருந்தின் வெற்றி தோல்வியைப் பொறுத்ததல்ல. உஷாராக இருப்பது வேறு, பாதுகாப்பாக இருப்பது வேறு என்று இந்த மருந்துக்கு அடிப்படையான உடலியல் காட்டுகிறதே, அந்த ஓர் உண்மைதான் எனக்கு வேண்டும்.

நாம் நினைவையும் உயிரையும் ஒன்றாகவே கருதிப் பழகிவிட்டோம். அதனால்தான் நினைவு போகிறது என்றாலே ஆள் போகிறான் என்ற பயம் வருகிறது. தமிழ்ச் சமய மரபு அப்படிக் கருதவில்லை. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உயிர் என்று ஒன்று உண்டென நிறுவும்போது தூக்கத்தையே சாட்சிக்கு அழைக்கிறார். உறங்குகிறவனிடம் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவன் உண்பதுமில்லை, செயல் செய்வதுமில்லை. ஆகவே உயிர் என்பது மூச்சல்ல, மூச்சுக்கு அப்பாற்பட்ட வேறொன்று என்பது அவருடைய வாதம். அடுத்த சூத்திரம் உயிருக்கு ஐந்து அவத்தைகள் சொல்கிறது: நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல். கருவிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளக் கொள்ள உயிர் கீழே கீழே இறங்குகிறது. கடைசி நிலையில் மூச்சும் இல்லை, உயிர் மட்டும் தனித்துக் கிடக்கிறது. சைவ சித்தாந்திகளுக்கு மயக்க மருந்து தெரிந்திருந்தது என்று யாராவது பெருமை பேசினால் அது வீண் பேச்சு. அவர்களுக்கு நரம்பணுவும் தெரியாது, நார்அட்ரினலினும் தெரியாது. அவர்கள் அறிந்தது வேறு: விழிப்பு என்பது உயிரின் பல நிலைகளில் ஒன்று, அந்த நிலை நீங்கினாலும் நிலைக்கு உரியவன் நீங்குவதில்லை. நாடித் துடிப்பும் மூச்சும் இயந்திரத்தின் பொறுப்பில் இருக்கும் ஒரு மணி நேரத்தில், மேஜைமேல் இருப்பது உடம்பா ஆளா என்று கேட்டால், இந்த மரபின்படி ஆள்தான்.

இப்போது பூந்தமல்லிக்கு வருவோம். திருக்கச்சி நம்பி இந்த ஊரில் வைசிய குலத்தில் பிறந்தவர். பூவிருந்தவல்லி என்ற பெயருக்கேற்ப இங்கிருந்து பூ எடுத்துப்போய்க் காஞ்சி வரதராஜருக்குச் சாத்தியவர். அந்தச் சந்நிதியில் ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்தவர். பெருமாள் அவரோடு நேரில் பேசுவார் என்பது வைணவர் நம்பிக்கை. 1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமாநுஜர், தம் மனத்தில் இருந்த சந்தேகங்களை வாய்விட்டுச் சொல்லாமலே, பெருமாளிடம் பதில் கேட்டு வரும்படி நம்பியை வேண்டிக்கொண்டார். நம்பி ஆறு வார்த்தைகளோடு திரும்பினார். முதல் வார்த்தை பரம்பொருள் யார் என்பது; கடைசி வார்த்தை பெரிய நம்பியை ஆசாரியராகக் கொள் என்பது. நடுவில் வரும் நாலாவது வார்த்தைதான் நம் விஷயம்: அந்திம ஸ்மிருதி, அதாவது சாகும் நேரத்துக் கடைசி நினைவு, சரணடைந்தவனுக்கு அவசியமில்லை. ஞானத்துக்கும் யோகத்துக்கும் பேர்போன நாட்டில், கடைசிக் கணத்தில் மனத்தை ஒருமுகப்படுத்தி உயிர் விடுவதைச் சாதனையின் உச்சமாகக் கொண்டிருந்த காலத்தில் சொல்லப்பட்டது இது. அந்தச் சாதனை யாருக்குக் கைகூடும்? சன்னியில் பிதற்றுகிறவனுக்குக் கூடாது, பக்கவாதத்தில் விழுந்தவளுக்குக் கூடாது, தூக்கத்தில் போய்விடுகிற கிழவனுக்குக் கூடாது. அவர்கள் அத்தனை பேருக்கும் கதவைத் திறந்துவிட்ட வார்த்தை அது.

அந்த வார்த்தைக்குப் பின்னால் நிற்கும் காரணம் இன்னும் அழகானது. வராகப் பெருமாள் பூமிப்பிராட்டிக்குச் சொன்னதாக வைணவர்கள் போற்றும் வாக்கின் கருத்து இது: மனமும் உடலும் நலமாக இருக்கும்போது ஒருவன் என்னை நினைத்திருந்தால், பிறகு அவன் கட்டைபோலவும் கல்போலவும் நினைவற்றுக் கிடக்கும் நேரத்தில் நான் அவனை நினைக்கிறேன். நினைக்கும் வேலை இங்கே கைமாறுகிறது. மனிதன் நினைத்துக் களைத்த இடத்தில் இறைவன் நினைக்கத் தொடங்குகிறான். பெரியாழ்வாரும் கடைசி நேரத்தில் நினைக்க முடியாமல் போகலாம் என்பதை உணர்ந்து, தெளிவாக இருக்கும்போதே தம் வேண்டுதலை அரங்கனிடம் ஒப்படைத்துவைத்தவர். இவர்கள் யாரும் நினைவை அலட்சியப்படுத்தவில்லை. நினைவுக்குரிய காலம் எது என்று தெரிந்துவைத்திருந்தார்கள். தெளிவாக இருக்கும் காலம் அதற்கு உரியது. கட்டையாகக் கிடக்கும் காலத்தின் பொறுப்பு இறைவனுடையது. மயக்கத்துக்குப் போகும் நோயாளியின் நாலாவது கேள்விக்கு நம்பி கொண்டுவந்த நாலாவது வார்த்தை சொல்லும் பதில் இதுதான்.

இதற்கு மறுப்புச் சொல்வார்கள். யார் எதை நினைத்துக்கொண்டு உடலை விடுகிறாரோ அதையே அடைகிறார் என்று கீதையின் எட்டாம் அத்தியாயம் சொல்லவில்லையா? சொல்கிறது. ஆனால் அந்தச் சுலோகத்தை அடுத்தே, ஆகையால் எல்லாக் காலத்திலும் என்னை நினை என்ற கட்டளையும் வருகிறது. கடைசி நினைவு ஆயுள் முழுதும் நினைத்ததன் விளைச்சல்தானே தவிர, கடைசி நிமிடத்தில் வாங்கிக்கொள்ளும் டிக்கெட் இல்லை. இன்னொரு மறுப்பு நம் பக்கத்து ஊரிலிருந்தே வரும். ஆவடிக்கு மேற்கே ரயிலில் போனால் திருநின்றவூர். அங்கே பூசலார் கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். பூந்தமல்லிக்கு அருகே குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் அந்தக் கதையைப் பெரியபுராணத்தில் பாடினார். இதய ஆபரேஷனுக்கு முன் திருநின்றவூர் இருதயாலீஸ்வரர் சந்நிதிக்குப் போய் வேண்டிக்கொள்ளும் குடும்பங்கள் இன்றும் உண்டு. பூசலார் பெற்ற பேறெல்லாம் இடைவிடாத நினைவால் பெற்றதுதானே, அப்படியிருக்க நினைவு வேண்டாம் என்பது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். அவர் கதையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பூசலார் அடித்தளம் முதல் சிகரம் வரை கட்டியது விழித்திருந்த நாள்களில். ஆனால் காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர் அரசனுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது உறக்கத்தில், கனவில். உழைப்பு விழிப்பில் நடக்கிறது. அருள் வருவதற்கு விழிப்பு நிபந்தனையாக இல்லை. அந்தக் கோயில் நின்ற இதயம் பொட்டாசியத்துக்கு நின்றுபோகும் தசையும் அல்ல. தசை ஒரு மணி நேரம் நின்றால் கோயில் இடிந்துவிடாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. இறைவனிடம் சரணடைவதைப் போய் டாக்டரிடம் உடலை ஒப்படைப்பதோடு ஒப்பிடலாமா? டாக்டர் கடவுளா? அல்ல, அல்லவே அல்ல. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நோயாளி கேள்வி கேட்கும் உரிமையை இழந்தார், டாக்டர் பதில் சொல்லும் கடமையை மறந்தார். இறைவனிடம் செய்யும் சரணாகதிக்குக் காலவரையறை கிடையாது. டாக்டரிடம் கொடுக்கும் சம்மதத்துக்குக் காலமும் எல்லையும் காரணமும் உண்டு, கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. ஆனால் வராக வாக்கில் இருக்கும் நிபந்தனை இரண்டுக்கும் பொது: மனம் தெளிவாக இருக்கும்போது செய்ததாக இருக்க வேண்டும். புரியாத ஆங்கிலத்தில் அச்சடித்த சம்மதப் படிவத்தில், ஸ்ட்ரெச்சரில் படுத்த நிலையில், மகன் காட்டிய இடத்தில் வைத்த கைநாட்டு ஒப்படைப்பாகாது. எந்த ரத்தக் குழாயில் அடைப்பு, என்ன செய்யப்போகிறார்கள், எந்த மருந்தால் உறங்கவைப்பார்கள், அதனால் என்ன நன்மை, எது இன்னும் உறுதியாகவில்லை என்று தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்டு, யோசிக்க ஓர் இரவு எடுத்துக்கொண்டு தலையசைத்தால் அது ஒப்படைப்பு. வைணவர்கள் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி என்று இரண்டு உவமை சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகிறது. வடகலையும் தென்கலையும் இதில் நூற்றாண்டுக்கணக்கில் வாதாடியிருக்கின்றன. இதய நோயாளிக்கு இரண்டும் வேண்டும், முறைவைத்து வேண்டும். பீடியை விடுவதும், சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும், கேள்வி கேட்பதும் குரங்குக்குட்டியின் பிடி. மேஜைமேல் அந்தச் சில மணி நேரம் பூனைக்குட்டி. அப்போது உடலின் சொந்தப் பிடிதான் கெடுதல். வென்டிலேட்டர் குழாயை எடுத்த மறுநாள், மூச்சை இழுத்து மூன்று பந்துகளை எழுப்பும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்தவுடன், மறுபடி குரங்குக்குட்டி.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள், இதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். இறைவன் நினைக்கிறான் என்பதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? நிறைய மிஞ்சுகிறது. தான் இருப்பதை ஒருவர் இந்தக் கணத்தில் உணர்ந்துகொண்டிருந்தால்தான் அவருக்கு மதிப்பு என்று வைத்துக்கொண்டால், தூங்குகிற ஒவ்வொருவரும் இரவெல்லாம் மதிப்பிழக்க வேண்டும்; பிறந்த குழந்தைக்கு மதிப்பே இல்லாமல் போகும். அப்படி யாரும் வாழ்வதில்லை. ஒருவர் தன்னை நினைக்க முடியாத நேரத்தில் மற்றவர்கள் அவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிரிஞ்ச் பம்பின் எண்ணைப் பார்த்து மணிக்கொரு முறை எழுதும் நர்ஸ், சிறுநீர்ப் பையில் எத்தனை மில்லி சேர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்க்கும் உதவியாளர், ஐ.சி.யூ. வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும் மனைவி, இவர்கள் எல்லோரும் சேர்ந்து சுமப்பதுதான் அந்த மனிதரின் நினைவு. ஆத்திகருக்கு அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி இறைவன். நாத்திகருக்கு அந்தக் கண்ணி இல்லாவிட்டாலும் மற்ற கண்ணிகள் அறுவதில்லை.

கட்டைபோல் கிடப்பவர் கட்டை அல்ல என்று ஒப்புக்கொண்டால், நடைமுறையில் சில கடமைகள் தாமே வந்து சேரும். உறங்கவைக்கப்பட்டவரைப் போர்வையில்லாமல் விடக்கூடாது. எட்டாம் நம்பர் படுக்கை என்று சொல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் காதுபடச் செலவுக் கணக்கையும், பிழைப்பாரா மாட்டாரா என்ற பேச்சையும் பேசக்கூடாது. மருந்தைக் குறைத்து எழுப்பும்போது எங்கே இருக்கிறார், என்ன கிழமை, ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். மருத்துவமனைக்கு இதில் பெரிய செலவு ஏதும் கிடையாது.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவருக்குப் பிடித்த தெய்வத்தின் பெயரை அவரோடு உட்கார்ந்து சொல்லுங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். மனத்தில் பாக்கி வைத்திருக்கும் பேச்சையும் பேசிவிடுங்கள். பிறகு அவரைப் பயமில்லாமல் உறங்கவிடுங்கள். அவர் எழுந்திருக்கும்வரை அவருக்காக நினைத்துக்கொண்டிருப்பது நம் வேலை.